இரண்டு வேக வைப்பர் மோட்டார்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

பழைய காரில் வைப்பர் நின்றுபோனால் பழி முதலில் விழுவது மோட்டார்மீதுதான். உடனே அதைக் கழற்றி வேறொன்றைப் பொருத்திவிடத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். இந்த மோட்டார்கள் முரட்டு உழைப்பாளிகள், எளிதில் சாவதில்லை. கிரீஸ் மெழுகாக இறுகிப்போவது, எர்த் இணைப்பில் (மின்சாரம் காரின் உடல் வழியே பேட்டரிக்குத் திரும்பும் இடம்) துரு ஏறுவது, டேஷ்போர்டு சுவிட்ச் தேய்ந்துபோவது ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் மோட்டாரை முடக்குகின்றன. புது மோட்டார் போட்டாலும் அதே எர்த்தும் அதே இறுகிய ஸ்பிண்டிலும் (வைப்பர் கை பொருந்தும் தண்டு) அங்கேயே காத்திருக்கும். கொஞ்ச நாளில் அதையும் முடக்கும்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது 1960களின் கடைசியிலும் 1970களிலும் எம்ஜிபி போன்ற பிரிட்டிஷ் கார்களில் பரவலாக வந்த, லூகாஸ் நிறுவனத்தின் 14டபிள்யூ வகை மோட்டார். நிலைக்காந்தமும் மூன்று கார்பன் பிரஷ்களும் (சுழலும் பகுதியை உரசி மின்சாரம் செலுத்தும் கரித்துண்டுகள்) கொண்ட வேறு எந்த இரண்டு வேக மோட்டாருக்கும் இதே தர்க்கம் பொருந்தும். கம்பி நிறங்கள் மட்டும் மாறும்.

முதலில் மோட்டாரைப் புரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பின்னால் வரும் பாதிக் கோளாறுகளுக்கான விடை இங்கேதான் இருக்கிறது.

எர்த் பிரஷுக்கு நேர் எதிரே ஒரு பிரஷ் இருக்கிறது. அதன் வழியே மின்சாரம் போனால் சாதாரண வேகம். அதற்குச் சற்றுத் தள்ளி, ஒரு கோணத்தில் ஒல்லியான மூன்றாவது பிரஷ் இருக்கிறது; அது அதிவேகத்துக்கு. ஆர்மேச்சர், அதாவது மோட்டாருக்குள் சுழலும் சுருள் தொகுதி, சுழலும்போது அதற்குள்ளேயே ஓர் எதிர் மின்னழுத்தம் பிறக்கிறது. அதுதான் வேகத்துக்குக் கடிவாளம். மூன்றாவது பிரஷ் வழியாக மின்சாரம் போனால் அந்த எதிர்ப்பை உண்டாக்கும் சுருள்கள் குறைந்துவிடுகின்றன. குறைந்ததை ஈடுகட்ட ஆர்மேச்சர் வேகமாகச் சுழல்கிறது. கூடவே அதிக மின்சாரத்தையும் இழுக்கிறது. வெளியே எந்த மின்தடையும் இல்லாமல் இரண்டு வேகம் கிடைப்பது இப்படித்தான்.

அடுத்தது பார்க்கிங் சுவிட்ச். கியர் பெட்டிக்குள் இருக்கும் பல்சக்கரத்தில் ஒரு மேடு உண்டு. சுற்றுக்கு ஒருமுறை அது இந்தச் சின்ன சுவிட்சை அழுத்தும். நீங்கள் டேஷ்போர்டு சுவிட்சை அணைத்த பிறகும் மோட்டாருக்கு இந்தப் பார்க்கிங் சுவிட்ச் வழியாக மின்சாரம் கிடைத்துக்கொண்டேயிருக்கும்; அதுவும் சாதாரண வேக பிரஷ் வழியாகவே கிடைக்கும். பிளேடு கீழே வந்து சேரும்போது சுவிட்ச் முதலில் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. பிறகு அதே கம்பியை எர்த்துடன் இணைக்கிறது. இன்னும் உருண்டுகொண்டிருக்கும் மோட்டார் அந்த நொடியில் ஜெனரேட்டராக மாறி, தன்னைத்தானே பிரேக் போட்டு நிறுத்திக்கொள்கிறது.

ஆக, சாதாரண வேகமும் பார்க்கிங்கும் ஒரே பிரஷை நம்பியிருக்கின்றன. இந்த ஒரு உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டாலே பல கோளாறுகள் தாமாகப் பிடிபடும்.

காரின் வயரிங் பக்கத்தில் பிரிட்டிஷ் வழக்கப்படி நிறங்கள் இவை: முழுப் பச்சை, பியூஸ் கடந்து வரும் இக்னிஷன் மின்சாரம். சிவப்பில் இளம்பச்சைக் கோடு, சாதாரண வேகம். நீலத்தில் இளம்பச்சைக் கோடு, அதிவேகம். பழுப்பில் இளம்பச்சைக் கோடு, பார்க்கிங். கறுப்பு, எர்த். பழைய கார் என்றால் இடையில் யாராவது கை வைத்திருப்பார்கள், நிறத்தை மட்டும் நம்பாமல் கம்பி எங்கிருந்து எங்கே போகிறது என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

கை வைப்பதற்கு முன்

காய்ந்த கண்ணாடிமேல் வைப்பரை ஓடவிடாதீர்கள். கண்ணாடியில் கீறல் விழும், மோட்டார் தேவைக்கு மேல் மின்சாரம் இழுக்கும், நீங்கள் எடுக்கும் அளவுகளும் பொய்யாகும். தண்ணீர் ஊற்றிக்கொண்டே சோதியுங்கள்.

பாயின்ட் (மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் இயந்திரத் தொடர்பு) வைத்த பழைய இக்னிஷன் உள்ள காரில், இன்ஜின் ஓடாமல் இக்னிஷனை நீண்ட நேரம் போட்டுவைத்தால் இக்னிஷன் காயில் சூடாகிக் கெடும். ஒன்று இன்ஜினை ஓடவிடுங்கள், இல்லையென்றால் காயிலுக்குப் போகும் கம்பியைக் கழற்றிவையுங்கள். வைப்பர் பழுது பார்க்கப் போய்ப் பலர் காயிலைக் காவு கொடுப்பது இந்த இடத்தில்தான்.

கருவிகளில் முக்கியமானது மல்டிமீட்டர் அல்ல, 21 வாட் பல்பில் இரண்டு கம்பி சேர்த்துச் செய்த சோதனை விளக்கு. ஒற்றை இழையில் தொங்கும் கம்பியும், துருப்பிடித்த இணைப்பும்கூட மல்டிமீட்டரில் 12 வோல்ட் என்றே காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் மின்சாரம் அற்பம். 21 வாட் பல்பு கிட்டத்தட்ட 2 ஆம்பியர் இழுக்கும். பளிச்சென்று எரிந்தால் அந்த வழி உண்மையிலேயே நன்றாக இருக்கிறது, மங்கினால் எங்கோ அடைப்பு.

எதுவுமே இல்லை: சத்தமும் இல்லை, அசைவும் இல்லை

பியூஸிலிருந்து தொடங்குங்கள். பார்வைக்கு நன்றாக இருக்கும் பியூஸைக்கூடக் கழற்றி, அதன் இரு முனைகளையும் பிடிப்பான்களையும் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். அதே பச்சைச் சுற்றில் இருக்கும் இண்டிகேட்டர், பிரேக் விளக்கு போன்றவை வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். அவையும் செத்திருந்தால் கோளாறு மோட்டாருக்கு வெகு முன்னாலேயே இருக்கிறது.

பியூஸ் சரி என்றால் மோட்டாரின் பிளக்கைக் கழற்றுங்கள். சோதனை விளக்கின் ஒரு முனையைப் பிளக்கின் கறுப்புக் கம்பியிலும், மறுமுனையைப் பச்சையிலும் வையுங்கள். எரியவில்லை என்றால் கறுப்பை விட்டுவிட்டு நேராக பேட்டரியின் எர்த் முனையில் வைத்துப் பாருங்கள். இப்போது எரிந்தால் கறுப்புக் கம்பியின் எர்த்தே குற்றவாளி. பச்சை நன்றாக எரிந்தால், சுவிட்சைச் சாதாரண வேகத்தில் வைத்து சிவப்புக் கம்பியில் பாருங்கள். பச்சையில் வந்து சிவப்பில் வரவில்லை என்றால், சுவிட்சையும் அதற்குப் போகும் கம்பிகளையும் பார்க்க வேண்டும்.

எல்லாக் கம்பியிலும் மின்சாரம் வந்தும் மோட்டார் அசையவில்லையா? சுவிட்சைப் போட்ட நிலையில் மோட்டாரின் உருளை உறையை ஒரு ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். தட்டியவுடன் ஓடினால் பிரஷ் தேய்ந்திருக்கிறது அல்லது அதன் கூட்டுக்குள் சிக்கியிருக்கிறது. ஓங்கி அடிக்காதீர்கள்; உள்ளே இருக்கும் காந்தம் உடையக்கூடியது.

உறுமுகிறது, ஆனால் நகரவில்லை. அல்லது பியூஸ் போகிறது

உடனே அணையுங்கள். சிக்கிய மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தால் ஆர்மேச்சர் கருகிவிடும்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: மோட்டாரையும் சுமையையும் பிரித்துவிடுவது. வைப்பர் கைகளைக் கழற்றுங்கள். கியர் பெட்டி மூடியைத் திறந்து, பல்சக்கரத்தின் முளையிலிருந்து இணைப்புத் தண்டை விடுவியுங்கள். ஓட்டிப் பாருங்கள். மோட்டார் தனியாகச் சிரமமில்லாமல் சுழன்றால் அதை விட்டுவிடுங்கள். சிக்கல் ராக் கேபிளிலோ, கைகள் பொருந்தும் ஸ்பிண்டில்களிலோ இருக்கிறது.

ராக் கேபிள் என்பது சுருள்கம்பி சுற்றிய நீண்ட கயிறு. குழாய்களுக்குள் முன்னும் பின்னும் ஓடிச் சின்னப் பல்சக்கரங்களைத் திருப்புகிறது. அதை ஸ்பிரிங் தராசில் மாட்டி இழுத்துப் பாருங்கள். பட்டறைக் கையேடுகள் சொல்லும் உச்சவரம்பு 2.7 கிலோ. அதற்கு மேல் இழுக்க வேண்டியிருந்தால் குழாய் நசுங்கியிருக்கலாம், வளைவு தப்பாக இருக்கலாம். பெரும்பாலும் பழைய கிரீஸ்தான். கேபிளை முழுவதும் உருவி வெளியே எடுங்கள். நாற்பது, ஐம்பது ஆண்டு பழைய கிரீஸ் காய்ந்த அரக்குபோல மஞ்சள் கலந்த பழுப்பில் சுருளின் ஒவ்வொரு மடிப்பிலும் ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் செதிலாக உதிரும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, குழாய்க்குள்ளும் துணி செலுத்தித் துடைத்து, புது கிரீஸ் தடவிப் போடுங்கள்.

இந்த ஒரு வேலையிலேயே பல வைப்பர்கள் பிழைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இதைச் செய்யாமல் மோட்டாரைப் பிரிப்பது வீண்.

ஸ்பிண்டில் இறுகியிருந்தால் வெளிப்புறத்தில் ஊடுருவும் எண்ணெயை விட்டு, ஓர் இரவு வைத்து, கையால் இப்படியும் அப்படியும் திருப்பி இளக வையுங்கள். இடுக்கியால் பிடித்து முறுக்கினால் நுனியிலிருக்கும் பல்வரிகள் நாசமாகும், பிறகு வைப்பர் கை அதில் நழுவும்.

பிளேடு கீழே வரும்போதெல்லாம் பியூஸ் போகிறது

விசித்திரமாகத் தோன்றும், ஆனால் விளக்கம் எளியது. சுவிட்ச் அணைந்த நிலையில் மட்டும்தான் சிவப்பும் பழுப்பும் ஒன்றோடொன்று இணைய வேண்டும். சாதாரண வேகத்தில் போட்டிருக்கும்போதும் அந்த இணைப்பு விடுபடாமல் இருந்தால், பிளேடு கீழே வந்து பார்க்கிங் சுவிட்ச் பழுப்பை எர்த்துடன் இணைக்கும் கணத்தில் பேட்டரியின் மின்சாரம் நேராக எர்த்துக்குப் பாயும். பியூஸ் போகாமல் என்ன செய்யும்? வேறு காரின் சுவிட்சைப் பொருத்தியிருந்தாலும், கம்பிகளை மாற்றிச் செருகியிருந்தாலும் இதுதான் நடக்கும். பெரிய பியூஸ் போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அடுத்து எரிவது வயரிங்.

ஒரு வேகம் மட்டும் இல்லை

அதிவேகம் ஓடுகிறது, சாதாரண வேகம் இல்லை: பார்க்கிங்கைச் சோதியுங்கள். அதிவேகத்தில் ஓடவிட்டு, பிளேடு நடுவில் இருக்கும்போது அணையுங்கள். அங்கேயே நின்றுவிட்டால் சாதாரண வேக பிரஷ் அல்லது அதன் கம்பி அறுந்திருக்கிறது. ஒழுங்காகக் கீழே வந்து நின்றால் பிரஷ் நன்றாக இருக்கிறது, டேஷ்போர்டு சுவிட்சின் உள்தொடர்புதான் தேய்ந்திருக்கிறது. ஸ்பானரைத் தொடாமலே கிடைக்கும் தீர்ப்பு இது.

சாதாரண வேகம் ஓடுகிறது, அதிவேகம் இல்லை: பிளக்கின் நீலக் கம்பியில் விளக்கை வையுங்கள். மின்சாரம் வந்தால் ஒல்லி பிரஷ் தேய்ந்துவிட்டது. அதன் நுனி படியாக வெட்டப்பட்டிருக்கும். ஒடுக்கமான பகுதி தேய்ந்து முழு அகலத்துக்கு வந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. முக்கிய பிரஷ்களுக்கு வரம்பு 4.8 மில்லிமீட்டர். பிரஷ்களை எப்போதும் தொகுப்பாகவே மாற்றுங்கள்.

சில கார்களில், குறிப்பாக அமெரிக்க கார்களில், நிலைக்காந்தத்துக்குப் பதிலாகக் காந்தச் சுருள் வைத்த மோட்டார் இருக்கும். அங்கே அந்தக் காந்தச் சுருளோடு ஒரு மின்தடையைச் சேர்த்துக் காந்தத்தைப் பலவீனமாக்கி வேகத்தைக் கூட்டுகிறார்கள். அதில் அதிவேகத்தில் மட்டும் கோளாறு என்றால் முதலில் அந்த மின்தடையைப் பாருங்கள்.

இரண்டு வேகமும் இருக்கின்றன, ஆனால் இழுத்து இழுத்து ஓடுகிறது

எவ்வளவு மெதுவாக ஓடினால் தப்பு? அமெரிக்காவில் 1968 முதல் நடைமுறைக்கு வந்த வாகனப் பாதுகாப்பு விதி ஓர் அளவுகோல் தருகிறது: வேகமான நிலையில் நிமிடத்துக்குக் குறைந்தது 45 முழுச் சுழற்சி (பிளேடு ஒருமுறை போய்த் திரும்புவது), மெதுவான நிலையில் குறைந்தது 20, இரண்டுக்கும் இடையே குறைந்தது 15 வித்தியாசம். லூகாஸ் 14டபிள்யூ சுமையில்லாமல் ஓடும்போது சாதாரண வேகத்தில் 46 முதல் 52, அதிவேகத்தில் 60 முதல் 70 சுற்று. அப்போது அது இழுக்க வேண்டிய மின்சாரம் முறையே 1.5, 2 ஆம்பியர். கடிகாரத்தை வைத்து எண்ணுங்கள்.

எண்ணியபின் ஓர் அம்மீட்டரைத் தொடராக இணையுங்கள். வேகம் குறைவு, மின்சாரம் அதிகம் என்றால் இயந்திரப் பக்கத்தில் இறுக்கம். மேலே சொன்ன கிரீஸ் கதைதான். வேகமும் குறைவு, மின்சாரமும் குறைவு என்றால் மின்சாரம் மோட்டாருக்கு முழுதாகப் போய்ச் சேரவில்லை. இந்த இரண்டாவது நிலையில்தான் மல்டிமீட்டர் உதவும். வைப்பர் ஓடிக்கொண்டிருக்கும்போது மீட்டரின் ஒரு முனையை மோட்டாரின் கறுப்புக் கம்பியிலும், மறுமுனையை பேட்டரியின் எர்த் முனையிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. பெயின்டின்மேல் பொருத்திய வாஷர், துருப்பிடித்த போல்ட் என்று தேடிப் பிடித்து, தகடு பளபளக்கும்வரை சுரண்டி மறுபடி இறுக்குங்கள். இதே சோதனையை பேட்டரியின் மறுமுனைக்கும் மோட்டாரின் சிவப்புக் கம்பிக்கும் இடையே செய்தால் பியூஸ், சுவிட்ச், இணைப்புகள் எல்லாம் சேர்ந்து எவ்வளவு விழுங்குகின்றன என்பது தெரிந்துவிடும்.

தனியாக ஓடும்போதே மோட்டார் மந்தமாக, மின்சாரத்தையும் அதிகம் இழுத்தால் மட்டும் அதைப் பிரியுங்கள். காந்தம் இருக்கும் உறையிலும் கியர் பெட்டியிலும் ஒன்றுக்கொன்று நேராக அடையாளக் குறிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்களே கீறிக்கொள்ளுங்கள். உறையை அரைச்சுற்றுத் திருப்பிப் பொருத்திவிட்டால் காந்தத் துருவங்கள் இடம்மாறி மோட்டார் தலைகீழாகச் சுழலும், பார்க்கிங்கும் குழம்பும். கழற்றிய உறையை வேலை மேசையில் கிடக்கும் இரும்புத்தூள்மேல் வைக்காதீர்கள். காந்தம் அத்தனையையும் வாரி எடுத்துக்கொள்ளும். பிரஷ்கள் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, கறுப்பு போகாவிட்டால் மிக நைசான உப்புத்தாளால் மெல்லத் தேயுங்கள். செம்புத் துண்டுகளுக்கு நடுவே இருக்கும் வெட்டுகளில் அடைந்த கார்பன் தூளை ஊசியால் எடுத்துவிடுங்கள். பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளுக்கு இடையே மின்தடை 0.27 முதல் 0.35 ஓம் என்று கையேடு சொல்லும். சாதாரண மீட்டரில் இவ்வளவு சின்ன அளவு சரியாக வராது, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வருகிறதா என்று பார்த்தால் போதும். ஓரிடத்தில் மட்டும் எண் குதித்தால் ஆர்மேச்சர் போய்விட்டது. அந்த நிலையில் மட்டும்தான் மோட்டார் மாற்றுவதற்கு என் ஓட்டு.

பார்க்கிங் தகராறுகள்

அணைத்தவுடன் எங்கே இருக்கிறதோ அங்கேயே நிற்கிறது என்றால் சோதனை விளக்கை எடுங்கள். ஒரு முனை எர்த்தில். மறுமுனை, பிளக் செருகியிருக்கும் நிலையிலேயே, பழுப்புக் கம்பியில். வைப்பரைச் சாதாரண வேகத்தில் ஓடவிடுங்கள். விளக்கு தொடர்ந்து எரிந்து, பிளேடு கீழே தொடும் நேரத்தில் மட்டும் ஒரு கணம் அணைந்து மீண்டும் எரிய வேண்டும். அப்படிச் சிமிட்டினால் பார்க்கிங் சுவிட்ச் ஆரோக்கியமாக இருக்கிறது. டேஷ்போர்டு சுவிட்சின் அணைந்த நிலைத் தொடர்பைப் பாருங்கள். எரியவே இல்லை என்றால் பச்சைக் கம்பி மோட்டார்வரை வரவில்லை அல்லது பார்க்கிங் சுவிட்சின் தொடர்பு கரிந்துவிட்டது.

அணைத்த பிறகும் நிற்காமல் ஓடிக்கொண்டேயிருந்தால் அதே சோதனையில் விளக்கு அணையவே அணையாது. பல்சக்கரத்தின் மேடு தேய்ந்திருக்கும், அல்லது சுவிட்சின் தொடர்பு ஒட்டிக்கொண்டிருக்கும்.

கீழே வந்து, நிற்கத் தவறி, இன்னொரு சுற்று போய்விட்டு ஒருவழியாக நின்றால் பிரேக் வேலை செய்யவில்லை. முதல் சந்தேகம் பார்க்கிங் சுவிட்சின் எர்த் பக்கத் தொடர்பின்மேல்தான். வைப்பர் வேகமாகவே ஓடுகிறது என்பதால் இந்த எர்த் கோளாறு பலர் கண்ணில் படுவதில்லை.

எப்போதும் ஒரே தப்பான இடத்தில் நிற்கிறது என்றால் மின்கோளாறைத் தேட வேண்டாம். கைகள் ஸ்பிண்டிலில் தள்ளிப் பொருத்தப்பட்டிருக்கும். கண்ணாடியின் எதிர்ப்பக்கத்தில் போய் நின்றால், பல்சக்கரத்தின் மேடும் முளையும் அந்தக் காருக்கு ஏற்றபடி அமையவில்லை. பல்சக்கரம் வாங்கும்போது அதில் பொறித்த கோணத்தையும் பாருங்கள். பிளேடு வீசும் பரப்பை அதுவே தீர்மானிக்கிறது. 110 இருந்த இடத்தில் 130 போட்டால் பிளேடு கண்ணாடியின் ஓரச் சட்டத்தில் போய் மோதும்.

பிளேடு தளர்ந்து ஆடுகிறது, முனையில் டக்கென்று சத்தம்

கையால் பிளேடைத் தள்ளிப் பாருங்கள். நாலைந்து விரற்கடை ஆடினால் ஸ்பிண்டிலின் சின்னப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது. அது முழுச் சுற்று சுற்றுவதேயில்லை, அதனால் ஒரு பகுதிப் பற்கள்மட்டுமே உழைக்கின்றன, மற்றவை புதிதாகவே இருக்கும். ராக் கேபிளை உருவிவிட்டு, பல்சக்கரத்தை அரைச்சுற்றுத் திருப்பி, மீண்டும் கேபிளைச் செலுத்துங்கள். தேயாத பற்கள் வேலைக்கு வரும். செலவில்லாத பழுது இது. செய்து முடித்ததும் ஆட்டம் மறைவதைக் கையாலேயே உணரலாம்.

எல்லாம் கூட்டிய பிறகு கைகளை உடனே மாட்டிவிடாதீர்கள். முதலில் கைகள் இல்லாமல் மோட்டாரை ஓட்டி, டேஷ்போர்டு சுவிட்சால் அணைத்து, தானாகப் பார்க்கிங் இடத்தில் நிற்கவிடுங்கள். அதற்குப் பிறகு கைகளை வைத்து நட்டை இறுக்கி, கண்ணாடியை நனைத்து, முதலில் சாதாரண வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு அதிவேகத்துக்குப் போங்கள். வேகம் கூடும்போது பிளேடு இன்னும் கொஞ்சம் எட்டி வீசும், அதனால் ஓரத்தில் ஒரு விரல் இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும்.